316எல் பைப்பில் கார்பன் எண் நிலையாக நிற்கவில்லை: கையடக்க லிப்ஸ் கருவி வைத்திருப்பவர்கள் உதவ வேண்டும்

ஸ்பூல்_சோதனை (துவாஸ்)

வணக்கம். ஜூரோங் தீவுக்குப் போகும் பைப் ஸ்பூல்களில் (முன்கூட்டியே வெட்டிச் சேர்க்கும் பைப் துண்டுகள்) வெல்டிங்குக்கு முன்பு பிஎம்ஐ, அதாவது உலோகம் சொன்ன கிரேடுதானா என்று பார்க்கும் வேலை. பைப் ஏஎஸ்டிஎம் ஏ312 தரத்தில் டிபி316எல், அதாவது கார்பன் குறைந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 2 அங்குலம், ஷெட்யூல் 10எஸ். மில் சர்ட்டிபிகேட்டில் கார்பன் 0.021 விழுக்காடு. குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றும் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரேயால் தனிமங்களை அளக்கும்) துப்பாக்கியில் ஒழுங்காக வருகின்றன. எக்ஸ்ஆர்எஃப்பில் கார்பன் தெரியாது என்பதால் ஆர்கான் ஊதும் வகை லிப்ஸ் துப்பாக்கியில் (லேசரால் மேற்பரப்பைத் துளி ஆவியாக்கி, அந்தப் பிளாஸ்மாவின் ஒளியை வைத்துத் தனிமங்களை அளப்பது) கார்பன் மட்டும் எடுக்கிறோம். சிக்கல் அங்கேதான்.

ஒரே பைப்பில் ஐந்து இடங்களில்: 0.024, 0.041, 0.019, 0.058, 0.027.
0.058 வந்த அதே புள்ளியில் திரும்பச் சுட்டால்: 0.034, பிறகு 0.025.

கருவியோடு வந்த சோதனைத் துண்டில் காலையில் எண் சரியாக இருக்கிறது, மதியத்துக்கு மேல் மெல்ல ஏறுகிறது.

இப்போது செய்யும் முறை: 4 அங்குல கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டுப் பளபளப்பாக்கி, தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுச் சுடுகிறோம். ஆர்கான் வெல்டிங் சிலிண்டரிலிருந்தே ரப்பர் ஹோஸில் வருகிறது. பிழை கருவியிலா, முறையிலா? எத்தனை முறை சுட்டால் ஒரு எண்ணை நம்பலாம்?


ஒளிக்கோடு193

முறையில்தான். நீங்கள் கொடுத்த எண்களே அதைச் சொல்லிவிட்டன. ஒரே புள்ளியில் 0.058, 0.034, 0.025 என்று படிப்படியாக இறங்கினால் அந்தக் கார்பன் ஸ்டீலுக்குள் இல்லை, மேலே ஒட்டியிருக்கிறது. லேசர் ஒவ்வொரு முறையும் மேல்தோலைக் கொஞ்சம் உரித்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு அழுக்கு இருந்தால் இப்படி ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பல்ஸ் (லேசரின் ஒரு துடிப்பு) ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர் ஆழம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் வெறும் 10 நானோமீட்டர் எண்ணெய்ப் படலம். எண்ணெயின் எடையில் 85 விழுக்காடு கார்பன், அடர்த்தி 0.9. ஸ்டீலின் அடர்த்தி 8. பெருக்கி வகுத்தால் அந்த முதல் பல்ஸில் ஏறக்குறைய 0.1 விழுக்காடு கார்பன் எண்ணெயிலிருந்தே வருகிறது. நீங்கள் தேடுவது 0.02. கண்ணுக்குத் தெரியாத படலம் உங்கள் விடையைப் போல ஐந்து மடங்கு. கருவி முதல் சில பல்ஸ்களைச் சுத்தம் செய்யவே செலவழித்துவிட்டுப் பிறகுதான் அளக்கிறது, ஆனாலும் படலம் தடிமனாக இருந்தால் அது போதாது.

ஆகவே தின்னரை முதலில் விடுங்கள். கிரைண்டிங்குக்குப் பிறகு எதையும் தடவக் கூடாது. பெயிண்ட், கிரீஸ், மார்க்கர் மை இருந்தால் கிரைண்டிங்குக்கு முன்பு அசிட்டோனால் துடைத்து, உலர்ந்த பிறகு அரையுங்கள். அரைத்ததுதான் கடைசி வேலை. அரைத்த இடத்தில் விரலோ கையுறையோ படாமல், சில நிமிடங்களுக்குள் சுட்டுவிட வேண்டும். காலையில் பத்து ஸ்பூல் அரைத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து சுடுவது இந்த வேலைக்கு ஆகாது.

டிஸ்க் எது என்று நீங்கள் சொல்லவில்லை. சிலிக்கன் கார்பைடாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். பெயரிலேயே கார்பன் இருக்கிறது, அந்தத் துகள் ஸ்டீலில் பதிந்து நிற்கும். சிலிக்கன் எண்ணும் கூடவே கெடும். சிர்க்கோனியா அல்லது செராமிக் அலுமினா, 40 முதல் 80 கிரிட். மழுங்கிய டிஸ்க்கை அழுத்தித் தேய்த்தால் அதன் பிசின் உருகி உலோகத்தில் பூசிக்கொள்ளும், பிசினும் கார்பன்தான். அரைத்த இடம் நீலமாகவோ வைக்கோல் நிறமாகவோ மாறினால் சூடு அதிகம் என்று பொருள். புதிய டிஸ்க், குறைந்த அழுத்தம், மறுபடி அரையுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: கார்பன் ஸ்டீல் சப்போர்ட் அரைத்த டிஸ்க் 316எல் பக்கம் வரவே கூடாது. ஏ36 போன்ற ஸ்டீலில் கார்பன் 0.2 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், உங்கள் பைப்பைப் போலப் பத்து மடங்கு. அதன் மிச்சம் ஒட்டினால் எண்ணும் கெடும், பிறகு அந்த இடத்தில் துருவும் பிடிக்கும். டிஸ்க்கின் பின்புறம் நிற மார்க்கரால் குறி போட்டு, ஒரு கிரேடுக்கு ஒரு டிஸ்க் என்று பெட்டியில் தனித்தனியாக வையுங்கள்.

அரைப்பதிலும் ஓர் அளவு வேண்டும். உங்கள் பைப்பின் சுவர் 2.77 மில்லிமீட்டர்தான். ஏ312 அனுமதிக்கும் 12.5 விழுக்காடு குறைவைக் கழித்தால் 2.42. புதுப் பைப்பே 2.5க்குப் பக்கத்தில் வந்திருக்கலாம். அரைப்பதற்கு முன்னும் பின்னும் அல்ட்ராசோனிக் தடிமன் மானியை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு 20 வெள்ளிக் காசு அளவு இடம் போதும்.


ஒளிக்கோடு193

மேலே தவறாக எழுதிவிட்டேன்: ஒரு வெள்ளிக் காசு அளவு, அதாவது 25 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் ஐந்து புள்ளிகள் தாராளமாகப் பிடிக்கும்.


வாயுத்தடம்

மேற்பரப்புப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மதியம் எண் ஏறுவதற்கு அது காரணமில்லை. ஆர்கான் பக்கமும் கருவியின் பக்கமும் வாருங்கள்.

கருவி பார்ப்பது 193.09 நானோமீட்டரில் உள்ள கார்பன் கோட்டை, அதாவது பிளாஸ்மாவில் கார்பன் விடும் ஒளியை. ஆழ் புறஊதா. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் அந்த ஒளியை விழுங்கிவிடும். 247.86 நானோமீட்டரில் இன்னொரு கார்பன் கோடு உண்டு, காற்றில் நன்றாகவே கடந்து வரும். ஆனால் இரும்பின் கோடு அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது, ஸ்டீலில் 0.02 விழுக்காட்டை அங்கே பிரித்தெடுக்க முடியாது. அதனால்தான் ஆர்கான். ஒளிக்கு வழிவிடுவது மட்டுமில்லை, ஆர்கானில் பிளாஸ்மா அதிக நேரம் நின்று எரிகிறது, கோடுகள் பல மடங்கு வலுக்கின்றன.

ஆர்கான் கெட்டால் எண் ஒரே பக்கம் நகரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆக்சிஜன் ஒளியை விழுங்கிக் கீழே இழுக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பிளாஸ்மாவில் உடைந்து மேலே தள்ளும். பெயிண்ட் கடைக்குப் பக்கத்தில் சுட்டால் கரைப்பான் ஆவியும் சேரும். எண்கள் சிதறுவதே அடையாளம்.

கருவிக்குக் கொடுக்க வேண்டியது 99.999 விழுக்காடு ஆர்கான், ஐந்து ஒன்பது. வெல்டிங் ஆர்கான் டிக் வெல்டிங்குக்குப் போதும், இதற்குப் போதாது. அதைவிடக் கெட்டது ரப்பர் ஹோஸ். நம் ஊர் ஈரம் ரப்பர் வழியாக உள்ளே ஊறும், இரவு முழுக்க ஹோஸில் தங்கும். ஸ்டெயின்லெஸ் அல்லது கெட்டி நைலான் குழாய் போடுங்கள், எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. காலையில் தொடங்கும்போதும் சிலிண்டர் மாற்றும்போதும் சில நிமிடம் ஊதவிட்டு, ஏதாவது ஒரு கழிவுத் துண்டில் முதல் சில அளவுகளைச் சுட்டுத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து மூக்கு. 2 அங்குலப் பைப்பின் வெளி விட்டம் 60.3 மில்லிமீட்டர். துப்பாக்கியின் தட்டையான மூக்கு 20 மில்லிமீட்டர் அகலம் என்றால், நடுவில் தொட்டாலும் இரண்டு ஓரத்திலும் 1.7 மில்லிமீட்டர் இடைவெளி. ஆர்கான் அது வழியாக ஓடிவிடும். யார்டில் பெரிய மின்விசிறி ஓடினால் கேட்கவே வேண்டாம். வளைவான பரப்புக்கான அடாப்டர் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் விசிறியை அணைத்து, துப்பாக்கியைப் பைப்பின் அச்சோடு சரியாக நிறுத்துங்கள். சாய்த்துப் பிடித்தால் குவியம் தப்பி பிளாஸ்மாவே மெலியும்.

கண்ணாடிச் சாளரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று நீங்களே உரிக்கும் உலோகப் புகை, சுடச் சுட அது சாளரத்தில் படியும். மற்றது நீர்த்துளியாகப் படியும் ஈரம். கண்டெய்னர் ஆபீஸ் 22 டிகிரியில் இருக்கும், வெளியே பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரி. குளிர்ந்த கருவியை நேராக வெளியே கொண்டுவந்தால் சாளரம் வியர்க்கும். பெட்டிக்குள்ளேயே மூடி வைத்து அரை மணி நேரம் நிழலில் விட்டு, வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

மதியத்து ஏற்றத்துக்கு என் கணிப்பு: நிறமாலைமானி சூடேறி அலைநீளம் இம்மியளவு நகர்கிறது, கூடவே சாளரமும் அழுக்காகிறது. அலைநீளத் திருத்தத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுங்கள். சாளரத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட நூல் உதிராத குச்சியால் துடைத்து, முழுக்க உலரவிட்டு, ஆர்கான் ஊதிய பிறகு சுடுங்கள். சோதனைத் துண்டும் பைப்பைப் போலத்தான்: அதையும் ஒவ்வொரு முறையும் புதிதாக அரைக்க வேண்டும். நேற்றுச் சுட்ட குழியின்மேல் சுட்டுவிட்டுக் கருவி கெட்டது என்று சொல்லக் கூடாது.


எல்லைக்கோடு

எத்தனை முறை என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் எந்த எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்று தெளிவாகட்டும். தகடு ஏ240 என்றால் 316எல் கார்பன் உச்சவரம்பு 0.030. உங்கள் பைப் ஏ312, அதில் டிபி316எல் வரம்பு 0.035. சாதாரண 316க்கு 0.08. 316எச் என்றால் 0.04 முதல் 0.10, அங்கே கார்பன் குறைந்தால்தான் தவறு, அதிக வெப்பத்தில் தாங்கும் வலு அதிலிருந்துதான் வருகிறது. எல்லாப் பைப்புக்கும் 0.030 என்று ஒரே படிவத்தை ஓட்டினால் நல்ல பைப்பையும் திருப்பி அனுப்புவீர்கள்.

இந்த மூன்றாவது தசம இடத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று ஃபோர்மேன் கேட்டால் சொல்லுங்கள்: வெல்டிங் சூட்டில், 425 முதல் 815 டிகிரி வரையிலான பகுதியில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் மணி எல்லைகளில் கார்பைடாகப் படிகிறது. பக்கத்தில் குரோமியம் வறண்டுபோகிறது. பிறகு வெல்டுக்கு அருகே மணி எல்லை வழியே அரிப்பு ஓடும். கார்பன் குறைவாக இருந்தால் இதற்கு நேரம் கிடைப்பதில்லை.

அளவு எடுக்கும் முறை: ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப வேண்டாம், ஐந்து தனிப் புள்ளிகள். சராசரியும் திட்ட விலக்கமும் எடுங்கள். சராசரியோடு இரண்டு திட்ட விலக்கத்தைக் கூட்டினாலும் வரம்புக்குக் கீழே இருந்தால் ஏற்கலாம். சராசரியிலிருந்து இரண்டைக் கழித்தாலும் வரம்புக்கு மேலே இருந்தால் நிராகரியுங்கள். நடுவில் விழுந்தால் கருவியால் முடிவு சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். கையடக்கக் கருவி கார்பனைக் காணும் எல்லையே ஏறக்குறைய 0.01 விழுக்காடு என்பதை மறக்காதீர்கள். ஐந்தில் பிடிக்காத ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு நாலில் சராசரி எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ஒரு எண் துள்ளினால் மறுபடி அரைத்து, ஐந்தையும் புதிதாக எடுங்கள்.

சோதனைத் துண்டு ஒன்று போதாது. சான்றளிக்கப்பட்ட இரண்டு வேண்டும், ஒன்று 0.02க்குப் பக்கத்தில், ஒன்று 0.05க்குப் பக்கத்தில். ஒன்றில் மட்டும் சரியாக வந்தால் கேலிப்ரேஷன் கோட்டின் சரிவு தப்பியிருப்பது தெரியாது. தொடங்கும்போது, முடிக்கும்போது, நடுவில் 25 புள்ளிக்கு ஒருமுறை. நடுவில் ஒருமுறை தவறினால் அதற்கு முந்தைய சரியான சோதனை வரை உள்ள எல்லா ஸ்பூலையும் திரும்ப எடுக்க வேண்டும். அந்தத் தண்டனைக்குப் பயந்தாவது அடிக்கடி பார்ப்பீர்கள்.

நைட்ரஜன், கந்தகம், பாஸ்பரஸ் இவற்றைக் கையடக்க லிப்ஸிடம் கேட்காதீர்கள். 2205 டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் வந்தால் அதன் நைட்ரஜனுக்கு ஆய்வுக்கூடம்தான்.


ஸ்பூல்_சோதனை (துவாஸ்)

மிக்க நன்றி அண்ணா, எல்லாருக்கும். டிஸ்க் சிலிக்கன் கார்பைடுதான், பெட்டியைப் பார்த்தோம். சிர்க்கோனியா 60 கிரிட் மாற்றி, தின்னரை நிறுத்தி, விசிறியை அணைத்து அதே பைப்பில்: 0.021, 0.024, 0.019, 0.023, 0.022. ஐந்து ஒன்பது ஆர்கான் நாளை வருகிறது.

இரண்டு கேள்விகள். இதே கருவியில் 5083, 6061 அலுமினியத் தகடும் பித்தளை வால்வும் பார்க்கச் சொல்கிறார்கள். இதே முறை போதுமா? மற்றது, இன்னொரு பைப், சர்ட்டிபிகேட்டில் 0.024, ஆனால் புது முறையில் 0.033, 0.031, 0.034, 0.032, 0.035. இதை என்ன செய்வது?


பழைய_இரும்பு (கிராஞ்சி)

அலுமினியத்துக்கு லிப்ஸ் கைவந்த கலை. மெக்னீசியம், சிலிக்கன் இரண்டும் எக்ஸ்ஆர்எஃப்புக்குக் கஷ்டம், லேசருக்கு இரண்டே நொடி. மெக்னீசியம் 285.21, சிலிக்கன் 288.16 நானோமீட்டர், இரண்டும் வலுவான கோடுகள். 5083இல் மெக்னீசியம் 4.0 முதல் 4.9 விழுக்காடு, 6061இல் 0.8 முதல் 1.2, இவை குழம்பவே குழம்பாது. குழம்புவது 6061உம் 6082உம். அங்கே செம்பைப் பாருங்கள்: 6061இல் 0.15 முதல் 0.40, 6082இல் 0.10க்கு மேல் இருக்கக் கூடாது. மாங்கனீசும் துணைக்கு வரும்.

அனோடைஸ் தோலையும் பெயிண்டையும் முழுக்க எடுக்க வேண்டும். சிலிக்கன் கார்பைடு இங்கேயும் ஆகாது, இங்கே கெடுவது சிலிக்கன். 2024, 7075 தகடுகளில் மேலே சுத்த அலுமினியத் தோல் பூசி விற்பதுண்டு. தோலைச் சுட்டுவிட்டு இது வணிகச் சுத்த அலுமினியம் என்று எழுதிவிடுவார்கள். வெட்டிய விளிம்பில் சுடுங்கள்.

பித்தளையில் கவனம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும், செம்பு 2500 டிகிரியையும் தாண்ட வேண்டும். நானோநொடி லேசர் பட்டதும் துத்தநாகம் முந்திக்கொண்டு ஆவியாகும், பிளாஸ்மாவில் அதன் பங்கு உலோகத்தில் இருப்பதைவிட அதிகம். செம்பின் 324.75, 327.40 கோடுகளோ தம் ஒளியைத் தாமே விழுங்கி மொட்டையாகிவிடும். அதனால் ஸ்டீல் கேலிப்ரேஷனில் பித்தளையைப் பார்க்கவே கூடாது. அதே குடும்பப் பித்தளைத் துண்டால் சரிபார்த்த கேலிப்ரேஷன் வேண்டும். ஈயம் செம்போடு கலக்காமல் துளித்துளியாக நிற்கும், லேசர் புள்ளியோ அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பத்துப் புள்ளியாவது எடுங்கள். வால்வு வார்ப்பிரும்பு என்றால் கார்பனை இதில் அளக்க முயல வேண்டாம், கிராஃபைட் மேல் பட்டால் ஒரு எண், படாவிட்டால் வேறு எண்.

முக்கியமான ஒன்று. செம்பு என்று நினைத்து ஸ்பிரிங், தீப்பொறி வராத கருவிகள் வந்தால் உலர்ந்த நிலையில் அரைக்காதீர்கள். அது பெரிலியம் செம்பாக இருக்கலாம், சி17200 வகையில் பெரிலியம் 1.8 முதல் 2.0 விழுக்காடு. அந்தத் தூசி நுரையீரலில் ஆறாத நோயை உண்டாக்கும். அரைக்காமல் ஒரு தடவை சுட்டாலே பெரிலியத்தின் 313 நானோமீட்டர்க் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒரு சுடுகையும் புகையை உறிஞ்சி வெளியேற்றும் வசதி இருக்கும் இடத்தில்.


வாயுத்தடம்

பாதுகாப்பை யாரும் எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன். தீவில் பிளாண்ட்டுக்குள் போய்ச் சுடுவதாக இருந்தால் லேசர் தீப்பொறியும் கிரைண்டரும் இரண்டுமே சூட்டு வேலைதான். பெர்மிட் எடுத்து, கேஸ் அளந்து, பிறகுதான். எக்ஸ்ரே இல்லை என்பதால் லேசருக்கு விதி இல்லை என்று நினைக்காதீர்கள். கருவியின் லேபிளில் 3பி என்ற லேசர் அபாய வகை இருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தற்போதைய தேவைகளைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி வேண்டும். வெல்டிங் கண்ணாடி அதற்கு ஈடில்லை. மூக்கு முழுதாக மூடாத சின்ன ஃபிட்டிங்கில் மூக்கிலுள்ள பாதுகாப்புச் சென்சாரை டேப் ஒட்டி ஏமாற்றிச் சுடுவது கண்ணைப் பணயம் வைப்பது.


எல்லைக்கோடு

முதல் பைப் சராசரி 0.0218, திட்ட விலக்கம் 0.0019. இரண்டு விலக்கம் கூட்டினாலும் 0.026க்குள். ஏற்கலாம்.

இரண்டாவது பைப் சராசரி 0.033, விலக்கம் 0.0016. கூட்டினால் 0.036, வரம்பு 0.035. நடுப்பகுதி. ஆனால் எனக்கு வரம்பைவிடப் பெரிய கவலை வேறு. சர்ட்டிபிகேட் 0.024 என்கிறது. அதே நாளில், அதே முறையில் முதல் பைப் சர்ட்டிபிகேட்டோடு 0.001க்குள் ஒத்துப்போனது, இது 0.009 தள்ளி நிற்கிறது. இது அந்த ஹீட் (ஆலையில் ஒரே தடவை உருக்கிய தொகுதி) தானா என்று பாருங்கள். பைப்பில் அச்சிட்ட ஹீட் நம்பரையும் சர்ட்டிபிகேட்டையும் ஒப்பிடுங்கள், வெட்டும்போது நம்பரை மாற்றி எழுதுவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். பிறகு எக்ஸ்ஆர்எஃப்பில் செம்பு, கோபால்ட், மாங்கனீசு பாருங்கள். செம்பும் கோபால்ட்டும் ஆலை வேண்டுமென்று போட்டவை அல்ல, ஸ்கிராப்போடு உருகி வந்தவை. ஹீட்டுக்கு ஹீட் மாறும், கைரேகை மாதிரி. கிரேடு ஒன்றாக இருந்தாலும் சர்ட்டிபிகேட்டில் செம்பு 0.25 என்று இருந்து பைப்பில் 0.42 வந்தால் அது வேறு ஹீட்.

ஹீட் ஒத்துப்போனால், ஸ்பூலின் வெட்டு முனையிலிருந்து 25 மில்லிமீட்டர் வளையம் எடுத்து, ஆக்சிஜனில் எரித்து அளக்கும் ஏஎஸ்டிஎம் இ1019 முறைக்கு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். குளிர்திரவம் இல்லாத வெட்டு, எண்ணெய் படாத பை. ஹீட் ஒத்துப்போகாவிட்டால் அனுப்பவே வேண்டாம், சரியான சர்ட்டிபிகேட் வரும்வரை அந்தப் பைப் எது என்றே தெரியாது. எப்படியானாலும் விடை வரும்வரை மஞ்சள் அட்டை கட்டித் தனியாக வையுங்கள், வெல்டர் கைக்குப் போகக் கூடாது. அந்த ஹீட் நம்பர் போட்ட மற்ற ஸ்பூல்களையும் அதே வரிசையில் நிறுத்துங்கள்.